சீப்புச் சின்னத்துக்கு ஒரு போர்டு

காலையில் எழுந்ததும் போர்வையை மடிப்பேன். மோட்டார் போடுவேன். பல் விளக்கி முடிப்பதற்குள் தொட்டி நிரம்பிவிடும்; அணைப்பேன். டீ போட்டு, நின்றுகொண்டே குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பிறகு படி இறங்கிக் கடை ஷட்டரைத் தூக்குவேன். மெஷினுக்கு மின்சாரம் கொடுத்து, மை பீச்சும் பகுதியைத் துடைத்து, ஒரு துண்டுத் துணியில் நான்கு நிறமும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பேன். விழுந்தால் நாள் தொடங்கிவிட்டது.

கீழே கடை, மேலே வீடு. பேனர், போர்டு, பெயர்ப்பலகை அடிக்கும் கடை. கல்லூரி முடித்த கையோடு நானும் என் மனைவியும் ஆரம்பித்தது. போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இப்போது நான் நடத்துகிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பேருந்து நிறுத்தத்தில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரை சாலையின் இரண்டு பக்கமும் போர்டு. மேலே தலைவர்களின் வட்டத் தலைகள். வலப்பக்கம் வேட்பாளர், கைகூப்பிக்கொண்டு. இடப்பக்கம் சின்னம். கீழே 'உங்கள் வீட்டுப் பிள்ளை'. அதற்கும் கீழே வரிசையாக, அடையாள அட்டையிலிருந்து பிய்த்தெடுத்த மாதிரி ஆதரவாளர்களின் முகங்கள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. சொந்தச் செலவில் சாலையோரம் நின்று, யார் கண்ணிலும் படாமல் போவதற்கு இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த போர்டுகளை யாரும் படிப்பதில்லை. அவற்றில் பாதியை அடித்தவன் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். போன தேர்தலில் மருந்துக்கடைக்காரருக்கும் லாரி ஓனருக்கும் ஒரே நாளில் அடித்தோம். அவசரத்தில் முகங்கள் இடம் மாறிவிட்டன. இவர் பெயருக்கு மேல் அவர் சிரித்தார், அவர் பெயருக்கு மேல் இவர். இரண்டு அணியும் ஊர்வலமாக வந்து, போர்டுக்கு மாலை போட்டு, கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லாரி ஓனரின் மனைவிதான் கேட்டாராம்: "ஏங்க, உங்க பேர்ல மருந்துக்கடைக்காரர் எதுக்கு ஓட்டு கேக்கறாரு?"

இரண்டு வேட்பாளர்களும் ஒன்றாகவே கடைக்கு வந்து கத்தினார்கள். என் மனைவி வெட்டும் மேஜைக்குப் பின்னால் குனிந்து, எதையோ தேடுகிற பாவனையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு சட்டம் போட்டாள். இனி எந்த போர்டும் அச்சுக்குப் போவதற்கு முன், கடையில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகு கொடுத்தவரும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை, ஒரு சொல் விடாமல். கண் தாண்டிப் போகும், வாய் தாண்டாது என்பது அவள் கணக்கு. அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு பிழையும் வந்ததில்லை.

கடை சார்பில் படிப்பது ரேடியோ அக்கா. போர்டில் கயிறு கட்ட ஓட்டை போட்டு வளையம் அடிப்பவர். அவர் படித்தால் எதிர்வரிசையில் இருக்கும் தையல்கடை மெஷின் நின்றுவிடும்.

அன்று காலை மாமா வந்தார். என் மனைவியின் அப்பா. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறார். அவருக்கு ஒதுக்கிய சின்னம் சீப்பு. அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது.

"ஐயா, உங்களுக்குப் போய் சீப்பா?" என்றார் ரேடியோ அக்கா.

"இல்லாதவனுக்குத்தாம்மா அதோட அருமை தெரியும்."

"மேடையில இதையே சொல்லுங்க. பொம்பளைங்க ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்."

மாமா சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எல்லார் போர்டையும் பாத்துட்டு வரேன் மாப்ள. கும்பிடு, பல்லு, கும்பிடு, பல்லு. எதுலயும் உயிரே இல்ல." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நம்ம போர்டைப் பாத்தா வண்டிய நிறுத்தணும். பாப்பா படத்தைப் பெருசாப் போடுங்க. அவ சொன்னதைக் கீழ போடுங்க."

மகளை அவர் பாப்பா என்றுதான் சொல்வார். அவர் போடச் சொன்ன வாசகம் எனக்குத் தெரியும். 'அப்பா, நம்ம வார்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி கொண்டு வாங்க. இதுவே என் கடைசி ஆசை.' துக்கம் விசாரிக்க வந்த யாரிடமோ முதலில் சொன்னார். அடுத்தவரிடம் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொன்னார். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. நானும் குறுக்கே போகவில்லை. இப்போது தெருமுனைக் கூட்டங்களில் சொல்கிறார். கைதட்டுகிறார்களாம்.

அவள் கண்மூடும்போது அந்த அறையில் இருந்தவன் நான் ஒருவன்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை.

பேச்சு என்றால் காற்றோடு போய்விடும். பத்தடிக்கு ஆறடி அடித்துச் சாலையில் நிறுத்தினால் அதுதான் அவள் சொன்னது என்று ஆகிவிடும். நாளைக்கு நானே கொஞ்சம் கொஞ்சமாக நம்பிவிடுவேன். மறுத்தால் மாமா போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியேறி வந்து, பேச எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர் ஒருவர்தான். ஆனாலும் அடிக்க மாட்டேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

"மாமா, அவ அப்படிச் சொல்லல."

அவர் முகம் மாறியது. "உங்க காதுல விழுந்திருக்காது."

"நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அவ மனசுல அதுதான் இருந்துச்சு. என் பொண்ணு மனசு எனக்குத் தெரியாதா?"

"இருந்திருக்கலாம். மனசுல இருந்ததைச் சொன்னதா போடக் கூடாது மாமா."

"ஊர்ல நீங்க ஒருத்தர்தான் போர்டு அடிக்கறீங்களா? ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல புதுக் கடை இருக்கு. அங்க குடுத்துக்கறேன்."

"குடுங்க. இங்கன்னா நம்ம கடை வழக்கம்தான். படிச்சாத்தான் அடிப்பேன்."

"படிக்கறேன். எனக்கென்ன பயம்?"

அவர் கேட்டபடியே திரையில் கட்டினேன். எதையும் குறைக்கவில்லை. அவள் படம், அவர் கும்பிடு, சீப்பு, அந்த வாசகம். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது. கண்ணில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும்; படம் எடுத்தவன் இரண்டு முறை எடுத்தான் என்று. அதைப் பெரிதாக்கினேன்.

"ரேடியோ அக்கா, படிங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு வளையங்களைப் பொறுக்கப் போய்விட்டார். அவருக்குத் தொண்டை கட்டி இதுவரை யாரும் கேட்டதில்லை.

மாமா எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடைக் குரலில் தொடங்கினார். தன் பெயரைப் படித்தார். வார்டு, சின்னம் எல்லாம் படித்தார். "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார், அறுபத்தைந்து வயதில். அக்கா முதுகைக் காட்டியபடி நின்றார், திரும்பவில்லை.

பிறகு படத்துக்குக் கீழே வந்தார்.

"அப்பா..."

நின்றார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்பா, நம்ம வார்டுக்கு..."

தெருமுனையில் எத்தனையோ பேருக்கு முன்னால் சொன்ன வாக்கியம்தான். அங்கே அவள் முகம் எதிரில் இல்லை. தையல்கடை மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை அவர் 'அப்பா'வைக்கூடத் தொடவில்லை. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"இது நான் பேசற மாதிரி இருக்கு மாப்ள."

"ஆமா மாமா."

"ஆஸ்பத்திரி வேணும்னு அவ நெனச்சிருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா? இத்தன வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டிருப்பா. கொண்டு வாங்கன்னு கெஞ்சியிருக்க மாட்டா."

"மாட்டா."

"எடுத்துடுங்க."

எடுத்தேன். வாசகம் போனது, படம் போனது. திரையில் மாமா மட்டும் நின்றார், கைகூப்பி, பல் தெரிய, பக்கத்தில் சீப்பு.

"அப்ப நானும் எல்லாரையும் மாதிரிதான் நிக்கணுமா?" என்றார். "ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டானே."

"பாக்க மாட்டான். அந்த லாரி ஓனரை மட்டும் பாத்துட்டா போட்டாங்க? ஜெயிச்சாரே. ஆஸ்பத்திரி வேணும்னு நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க மாமா, உங்க பேர்லயே. உங்களுக்கு அது நல்லா வரும். நாப்பது வருஷம் நெரிசல்ல பூந்து பூந்து ஒவ்வொருத்தரா பாத்தவர் நீங்க."

"டிக்கெட் இல்லாதவன் எவனும் என்கிட்ட தப்பிச்சதில்ல" என்றார், தன்னை அறியாமல். கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

ரேடியோ அக்காவின் தொண்டை சரியாகிவிட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படித்தார். தையல்கடை மெஷின் நின்றது. மாமாவும் படித்தார், இந்த முறை எங்கும் தடுக்காமல். மெஷினை ஓட விட்டேன். மற்ற எல்லா போர்டையும் போன்ற ஒரு போர்டு, கோடு கோடாக, மேலேயிருந்து வெளியே வரத் தொடங்கியது. அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கு அது போதும்.

மாமா கிளம்பவில்லை. தன் வழுக்கைத் தலை துணியில் மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் அருகில் வந்தார். மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அவ என்னதான் சொன்னா?"

"எதுக்கு மாமா?"

"போர்டுக்கு இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மருந்து வாங்கக் கீழ போனவன்தானே நான். திரும்பி வரதுக்குள்ள..."

ஒரு வருடமாக இதை என்னிடம் அவர் கேட்டதில்லை. சொல்லக் கூடாத ரகசியமும் இல்லை அது. சாயங்காலம், மழை விட்டிருந்தது, நான் கட்டிலின் ஓரத்தில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். அவள் கண்ணைத் திறந்து, என் தோளைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்க்க முயன்றாள் என்றும் சொன்னேன். பிறகு அவள் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அவளுடைய அதே எரிச்சலோடு சொன்னேன்.

"தள்ளி உக்காருடா. ஒண்ணுமே தெரியல."