நாலு மணி நேரம் வெளியே வைக்கவும்

ஜெசிந்தா வீட்டில், பாதியில் அறுந்துபோன பேச்சுகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக இருக்கும். பொழுதுபோக்காக ரேடியோ செய்யும் அவள் கணவர் லாரன்ஸ், துண்டுகளுக்கு நடுவே, ஒயர்களைப் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட் களிம்பைக் கடுகளவு வைத்துத் தோசைக்கல்லில் சூடு காட்டுவார். சாம்பல் நிறக் களிம்பு உருகி வெள்ளியாக மின்னினால் பேச்சு ஒட்டிவிட்டது.

களிம்பு டப்பாவுக்கு ஃப்ரிட்ஜில், சாப்பாட்டுச் சாமான்கள் படாத தனி மூலை. வெளியே எடுத்தால் நாலு மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. குளிர் விடுமுன் திறந்தால் ஈரம் இறங்கிவிடும். லாரன்ஸ் இதை மூடிமேலேயே எழுதி ஒட்டியிருந்தார். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் வரிசையில் நின்றுவிட்ட ஜெசிந்தாவுக்கு, இனி எதற்கும் காத்திருப்பதாக உத்தேசமில்லை.

அன்று ஒன்பது மணிக்கு மெட்டில்டா அக்கா வருகிறாள். அம்மா இறந்த வாரம், கிரைண்டர் யாருக்கு என்று ஆரம்பித்து அறுந்த பேச்சு. ஆறு வருஷமாக டின்னில் கிடக்கிறது. ஒட்டாவிட்டால் இருவர் வாயிலிருந்தும் சத்தம் வராது. போன மூன்று தடவையும் அக்கா காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். மூட்டுவலி, இதற்குமேல் பஸ் ஏற முடியாது, இதுதான் கடைசி என்று கார்டு வேறு போட்டிருந்தாள்.

எட்டு மணிக்குத்தான் ஜெசிந்தாவுக்கு டப்பா ஞாபகம் வந்தது. எட்டரைக்குத் திறந்தாள்.

“ஜெசி, அரை மணிதானே ஆச்சு?”

“இந்த டப்பாவுக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்ல எனக்கு இருக்கா? தள்ளுங்க.”

கல்லில் களிம்பு பொரிந்து குட்டிக் குட்டி உருண்டைகளாகச் சிதறியது. ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

அக்கா வந்தாள். உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை பனி பூத்து, இறுக மூடிய டப்பாவாக வந்து விழுந்தது. லாரன்ஸ் அதைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

“நாலு மணி நேரம்,” என்றார்.

பதினோரு மணி பஸ்ஸுக்கு அக்கா கிளம்பினாள். வாசலில் ஜெசிந்தாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா மேஜை எதிரே உட்கார்ந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. மூடிப் பக்கம் இரண்டு தடவை கை போனது. இரண்டு தடவையும் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் ஒரு மணிக்கு மூடி தானாகத் திறந்தது.

“கிரைண்டர் கிடக்கட்டும்டி. அம்மாவுக்கு முடியலைன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே நீ.”

ஜெசிந்தா பதில் சொன்னாள். அதுவும் மூடியபடியே, சில்லென்று கையில் விழுந்தது.

அக்கா ஊருக்குப் பஸ்ஸில் சரியாக நாலு மணி நேரம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஜன்னலோர சீட்டில் துண்டை விரித்து அந்த டப்பாவை உட்கார வைத்தாள்.

“யாரும்மா இறக்கிக்குவாங்க?” என்றார் கண்டக்டர்.

“எங்க அக்கா. அதுவரைக்கும் யாரும் அவசரப்பட்டுத் திறந்துடாதீங்க.”

கண்டக்டர் அதைத் தூக்கி உயரம் பார்த்துவிட்டு, அரை டிக்கெட் கிழித்தார்.