பஞ்சு நனையும் நேரம்

குவாங் சுய்லானின் சோதனை அறையில் ஒரு சுவர் முழுக்க ஆணிகள்தான். ஒவ்வோர் ஆணியிலும் நூல் கட்டித் தொங்கும் ஒரு வேப் கருவி, அதாவது மின்சிகரெட், அதன் கீழே ஒரு சீட்டு. சீட்டில் செய்தவன் பெயரும் அவள் கைப்பட எழுதிய ஒரே ஒரு வரியும் இருக்கும். “ஒழுகல்.” “பட்டன் உள்ளே போனால் வெளியே வர மனமில்லை.” “இதைச் செய்தவன் முதலில் தன் மாமியாருக்குக் கொடுத்துப் பார்க்கட்டும்.” இப்படி நாற்பத்தொன்று. ஷாஜிங் ஊரில் தெருவுக்குத் தெரு இந்தக் கருவி செய்கிற பட்டறைகள்தான். அத்தனை முதலாளிகளும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். அதில் ஏறியது எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

சுய்லானுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெளிநாட்டுக்குச் சரக்கு எடுக்கிற ஏஜென்டுகள் அவள் சொல்லைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். வேலை நேரம் போக அவள் புகையைத் தொடுவதில்லை. “சிகரெட்டே பிடிக்காதவன் இதைத் தொட்டான்னா அவன் முட்டாள். சிகரெட்ட விடமுடியாம இதுக்கு மாறுறவன் பாதி முட்டாள். செய்யறவன் திருடன்” என்பாள். இதில் சோதித்துச் சொல்கிறவளை எங்கே சேர்ப்பது என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பற்றிக்கொண்டு வருவது ஒரு சாக்கைக் கேட்டால்தான். புதுக் கருவியில் திரவத்தை ஊற்றினால், உள்ளே சூடாகிற கம்பிச் சுருளோடு இருக்கிற பஞ்சு நன்றாக நனையப் பத்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் இழுத்தால் காய்ந்த பஞ்சு கருகி வாயெல்லாம் துணி எரிந்த நாற்றம். அந்தச் சுருள் அத்தோடு பாழ். முதல்முறை வாங்கி, பெட்டியைப் பிரித்த கையோடு ஊற்றி இழுக்கிற அவசரக்குடுக்கைகள் செய்கிற தப்பு அது. அதனால் அவள் கையில் தோற்கிற ஒவ்வொருவனும் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா, பஞ்சு நனையறதுக்கு நேரம் விடல போலிருக்கே” என்று இழுப்பான். அவளும் தயாராக வைத்திருப்பாள். “எனக்கே பஞ்சு நனைக்கச் சொல்லித் தர்றியா? நீ மீசை வைக்கறதுக்கு முன்னாடியே பஞ்சு நனைச்சவடா நான். போய் வேற ஏதாவது பொய் யோசிச்சிட்டு வா.” அறையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். வந்தவன் தொங்கிய முகத்தோடு படியிறங்குவான்.

அன்று வந்தவன் ஃபான் தெலாய். ஆறு வருடம் அவளுக்கு உதவியாளாக அதே மேசையில் உட்கார்ந்திருந்தவன். அந்த ஆறு வருடமும் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு, தண்டச்சோறு என்று கூப்பிட்டதுதான் அதிகம். மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, சிப்பி விற்கிற கடை ஒன்றின் மாடியில் பதினோரு பெண்களை வைத்துத் தனியாகப் பட்டறை போட்டான். இதுவரை அடுத்தவர்களுக்கு மூடியும் குழாயும் செய்து கொடுத்துப் பிழைத்தவன், இப்போது முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு செட் கொண்டுவந்திருந்தான். ஹாங்காங் ஏஜென்ட் மிஸ் பூன் நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை நாலு மணிக்குள் அவள் ஏதோ ஒரு செட்டுக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். தெலாயினுடையது தேறாவிட்டால் பக்கத்துத் தெருக்காரனுடையது. ஆர்டர் போய்விட்டால் மாதக் கடைசியில் தெலாய் பட்டறையை மூட வேண்டியதுதான் என்பது சிப்பிக்காரி வரைக்கும் தெரிந்த விஷயம்.

சுய்லான் பெட்டியை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

“இதான் செட்டா? நான் தீப்பெட்டின்னு நெனச்சேன்.”

“கைக்கு அடக்கமா இருக்கட்டும்னுதான்க்கா” என்றான் தெலாய்.

“கைக்கு அடக்கமாவா? கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது.” உள்ளே இருந்ததை எடுத்து மேசையில் பரப்பினாள். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கருவி, மாற்றிப் போட இன்னொரு சுருள், சார்ஜ் போட ஒரு வயர், மடித்த ஒரு காகிதம். “பெரியவங்களுக்கு மட்டும்னு எவ்ளோ பெருசா போட்டிருக்கான் பாருங்க மிஸ் பூன். பெட்டிய விட எழுத்து பெருசா இருக்கு. இந்த மூடிக்கு என்ன கலர்டா அடிச்சிருக்க? பச்சையா, வாந்தியா?”

“மலிவான சாயம்க்கா. ஆனா உரியாது.”

“உரிஞ்சா நல்லாருக்குமே.”

மிஸ் பூன் சிரித்தாள். பட்டனை அழுத்திப் பார்த்த சுய்லானுக்கு அது சரியாக வேலை செய்தது பிடிக்கவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தாள்; அதிலும் ஆட்டமில்லை. அது இன்னும் பிடிக்கவில்லை. தண்டச்சோறு செய்த சாமானில் எங்கே கோளாறு இருக்கும் என்று ஆறு வருடம் பார்த்த தனக்குத் தெரியாதா என்று நினைத்தாள். சோதனைத் தாளை இழுத்து, வழக்கம்போல நேரத்துக்கான இரண்டு கட்டங்களையும் முதலிலேயே நிரப்பினாள். ஊற்றிய நேரம் 11.20. இழுத்த நேரம் 11.30. எத்தனையோ வருடமாக அவள் அப்படித்தான் எழுதுகிறாள். பத்து நிமிடம் பத்து நிமிடம்தானே, காத்திருந்து எழுதினால் என்ன, முன்னாலேயே எழுதினால் என்ன.

ரப்பர் அடைப்பைத் திறந்து லிச்சி வாசனைத் திரவத்தை ஊற்றினாள். விதிப்படி இரண்டு சாம்பிள்; அவன் கொண்டுவந்த இன்னொரு பெட்டியிலிருந்ததிலும் ஊற்றி ஓரமாக வைத்தாள். வாய் மட்டும் நிற்கவில்லை. இவன் ஒருமுறை பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, கருவி செத்துப்போச்சு என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நின்ற கதையை மிஸ் பூனுக்குச் சொன்னாள். மிஸ் பூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய், கதையின் கடைசி வரியைச் சொல்லிக்கொண்டே, சுய்லான் கையிலிருந்ததை வாயில் வைத்து இழுத்தாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தேநீரை எடுத்து வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

“கருகல். சுத்தமான கருகல். சொன்னேன்ல மிஸ் பூன், இவன் கையால பஞ்சு வெச்சா அது தலகாணிக்குக்கூட ஆகாது.”

தெலாய் வாயைத் திறந்தான்.

“என்னடா? பஞ்சு நனையலன்னு சொல்லப்போறியா?”

அவன் அவளைப் பார்த்தான், மேசையிலிருந்த தாளைப் பார்த்தான். “இல்லக்கா” என்றான்.

சுய்லான் நாற்பத்திரண்டாவது ஆணியை அடித்துக் கருவியை மாட்டினாள். சீட்டில் “தண்டச்சோறு, கருகியது” என்று எழுதினாள். மிஸ் பூன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “மணி பதினொன்னு இருபத்தாறுதான் ஆவுது, பரவால்ல, சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்க” என்று பாராட்டிவிட்டு வண்டியேறினாள். தெலாயும் போனான். இரண்டாவது சாம்பிளை எடுத்துக்கொண்டு போகவும் அவனுக்குத் தோன்றவில்லை.

சுய்லான் சிப்பி ஆம்லெட்டும் கஞ்சியும் வரவழைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டாள். எழுந்து பார்த்தபோது மேசை ஓரத்தில் இரண்டாவது சாம்பிள் அப்படியே இருந்தது. இந்நேரம் ஒழுகி மேசையை நாசம் பண்ணியிருக்கும், சீட்டில் இன்னொரு வார்த்தை சேர்க்கலாம் என்று ஆசையாகத்தான் எடுத்தாள். அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. சரி, கருகலையாவது உறுதி செய்வோம் என்று இழுத்தாள்.

லிச்சி. கருகல் இல்லை, காரம் இல்லை, தொண்டையில் ஒரு உறுத்தல்கூட இல்லை. மறுபடி இழுத்தாள். பத்துத் தடவை, இருபது தடவை. அந்த விலைக்கு அப்படி ஒரு சாமானை அவள் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்வதைவிட மேசையைத் தின்றுவிடலாம் போலிருந்தது.

ஆணியிலிருந்ததை இறக்கிப் பிரித்துப் பார்த்தாள். சுருளை ஒட்டிய இடத்தில் பஞ்சு கருப்பு. அதற்கு வெளியே வெள்ளை, உலர்ந்த வெள்ளை. திரவம் அங்கே போய்ச் சேரவே இல்லை. அது போய்ச் சேர யாரும் நேரம் கொடுக்கவில்லை.

தாளைப் பார்த்தாள். இழுத்த நேரம் 11.30 என்று அவள் கையெழுத்தில் அழகாக இருந்தது. ஆனால் அவள் ஆணி அடித்து, சீட்டு எழுதி முடித்த பிறகுதானே மிஸ் பூன் மணி பார்த்தாள். அப்போது பதினொன்று இருபத்தாறு. துக்கம் விசாரிக்கிற முகக் கதை எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் இருக்குமா? சுய்லானுக்குக் காது சூடாயிற்று. பெட்டியைப் பிரித்த கையோடு இழுக்கிற அவசரக்குடுக்கை.

யாருக்கும் தெரியாது. தாள் அவள் பக்கம். தெலாயும் வாயைத் திறக்கவில்லை. பேனாவை எடுத்து, “ஒரு சாம்பிள் நன்று, ஒன்று கருகல், தரம் சீராக இல்லை” என்று எழுதத் தொடங்கினாள். பார்க்கக் கண்ணியமாகத்தான் இருந்தது. தரம் என்ற சொல் வரைக்கும் வந்தாள். இதே மாதிரி வழுக்கலாகப் பேசிய எத்தனை பேரை இந்த மேசைக்கு எதிரே உட்காரவைத்து உரித்திருக்கிறாள். அந்த ஆட்கள் எல்லோரையும்விடத் தான் கேவலம் என்று அவளுக்குப் பட்டது. எழுதியதை அடித்துவிட்டு போனை எடுத்தாள். மணி மூன்று இருபது.

“மிஸ் பூன், பக்கத்துத் தெருக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சா?”

“இப்பதான் உக்காந்திருக்கேன். ஏன்க்கா?”

“போடாதீங்க. அந்தக் கருகல் என் தப்பு. பஞ்சு நனையறதுக்கு முன்னாடியே இழுத்துட்டேன்.”

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மிஸ் பூன் சிரிக்க ஆரம்பித்தாள். “நீங்களா? வெளையாடாதீங்கக்கா.”

“நான் என்னிக்குப் போன் போட்டு வெளையாடியிருக்கேன்?”

சிரிப்பு நின்றது. “தாள்ல பத்து நிமிஷம்னு எழுதியிருந்தீங்களே. நான் பாத்தேனே.”

“முன்னாடியே எழுதி வெச்சிடுவேன். பழக்கம்.”

“எப்பவுமேவா?”

சுய்லான் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்போ செவுத்துல தொங்குற மத்த நாப்பத்தொன்னும்?” என்றாள் மிஸ் பூன். அவள் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், “சரி, அந்த ரெண்டாவது சாம்பிள தெலாய்கிட்டயே குடுத்தனுப்புங்க. நானே ஊத்தி, நானே மணி பாத்து, நானே இழுத்துக்கறேன். உங்க தாள் வேணாம்க்கா” என்று வைத்துவிட்டாள்.

சுய்லான் போன் போட்டுக் கூப்பிட்டதும் தெலாய் பத்து நிமிடத்தில் ஓடி வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவன் கையில் சாம்பிளைத் திணித்தாள்.

“உள்ள இருக்கறதக் கொட்டிட்டு, புதுச் சுருள் போட்டுக் குடு. போய் அவ எதிர்ல நில்லு. நாலு மணிக்குள்ள போ.”

“சரிக்கா.”

“நான் சீக்கிரம் இழுத்தத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன்டா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

தெலாய் படிப்பக்கம் பார்த்தான். அவனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “ஆறு வருஷம் உங்க பக்கத்துல ஒக்காந்திருந்தேன்க்கா. பஞ்சு நனையலன்னு சொன்னவன் ஒருத்தனையாவது நீங்க நம்பி நான் பாக்கல. நீங்க மீசைக் கதை சொல்லுவீங்க, மத்தவங்க சிரிப்பாங்க. நானும்தான் சிரிச்சேன்.”

“அவனுங்க சொன்னது பொய்டா.”

“முக்காவாசி பொய்தான்” என்றான். கொஞ்சம் தயங்கி, “மேல் வரிசையில மூணாவது பொய் இல்லக்கா. அன்னிக்கும் நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க” என்றான்.

சுய்லான் மேல் வரிசையை ஏறிட்டுப் பார்த்தாள். “மூடி கலர் இப்பவும் வாந்திதான்” என்றாள். “போ.”

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது.

சுய்லான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மேல் வரிசையில் மூன்றாவதை இறக்கினாள். கருவியோடு அதன் பெட்டியையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தாள். உள்ளே மாற்றுச் சுருள் பிரிக்காமல் இருந்தது. பழைய சுருளைக் கழற்றினாள். நடுவில் கருப்பு, வெளியே வெள்ளை. கருவியைச் சார்ஜில் போட்டுக் காத்திருந்தாள். அதற்குள் நாலு மணியும் தாண்டிப்போனது. தெலாய்க்கு ஆர்டர் கிடைத்ததா என்று அவளுக்குச் சொல்ல யாரும் போன் செய்யவில்லை. பிறகு புதுச் சுருளைப் போட்டு, திரவத்தை ஊற்றி, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவள் மறந்தே போயிருந்தாள். அறையில் பேச ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை.

பத்து நிமிடம் முழுசாக முடிந்த பிறகு இழுத்தாள். வெறும் புகையிலை வாசனை, மெத்தென்று, குறையில்லாமல் வந்தது.

சீட்டைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். மோ சிங்யுவான். அதன் கீழே மாமியார் வரி. அதை எழுதியபோது அறையே சிரித்தது அவளுக்கு நினைவிருந்தது. அந்த ஆளின் முகம்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவன் பட்டறை மூடி நாலு வருடம் ஆகிறது.