ஊசிமேல் போட்ட பழி

காளீஸ்வரனைத் தெருவில் "மயக்க ஊசி டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். அறுக்கிறவர் டாக்டர், சரி. அறுக்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவரும் டாக்டரா என்பது கோவில்பட்டிக்கு இன்னும் தீராத சந்தேகம். அந்த இளப்பம் காதில் விழுந்து விழுந்தோ என்னவோ, மனிதர் தன்னைத் தானே ஊதிக்கொள்ளப் பழகிவிட்டார்.

அவர் பேராசிரியராக இருக்கும் மருத்துவக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் கோட்டுப் போட்ட அவர் படம் இருக்கும். கீழே 'ஆராய்ச்சி மற்றும் கற்பித்தல் ஆர்வங்கள்': வலியில்லாப் பிரசவம், முதுகு ஊசி பற்றிக் கிராமப்புறப் பெண்களிடம் உள்ள தவறான நம்பிக்கைகளைக் களைதல், இன்னும் என்னென்னவோ. மதுரை மாநாடு, கொச்சி மாநாடு என்று போய், "அந்த ஊசியால் ஆயுசுக்கும் இடுப்புவலி வரும் என்பது மூடநம்பிக்கை" என்று மேடையில் முழங்குவார். கொடுத்த பையையும் சால்வையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

வாசற்படி தாண்டியதும் பேச்சு மாறிவிடும்.

மகள் இசக்கிச்செல்வியை முதுகு ஊசி போட்டு வயிற்றை அறுத்து எடுத்ததிலிருந்து மனைவி பிரேமலதாவுக்கு இடுப்புவலி. "அந்தப் பாழாப்போன ஊசி போட்ட நாள்லருந்து..." என்று அவள் ஆரம்பித்தால், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமாமா, ஊசிதான். நம்ம ஊருப் பொம்பளைகளுக்கு அது சேராது" என்பார்.

உண்மைக் காரணம் அவருக்குத் தெரியாமலில்லை. ஊரில் குடிதண்ணீர் நினைத்தால்தான் வரும். வருகிற அன்று தெருக்குழாயில் மல்லுக்கட்டிப் பிடித்து, மாடிக்கு இடுப்பில் சுமந்தவள் பிரேமலதா. ஊசியைச் சொன்னால் குடம் அவள் இடுப்பிலேயே இருக்கும். குடத்தைச் சொன்னால் அது இவர் தோளுக்கு வரும். மனிதர் யோசித்து ஊசியைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொந்தமாகச் செய்த ஆராய்ச்சி அது ஒன்றுதான்.

இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரே ஆசை, அப்பா ஊர் ஊராகப் பேசும், அதே முதுகு ஊசி போட்டுச் செய்யும் அந்த வலியில்லாப் பிரசவம் தனக்கு வேண்டும். ஆஸ்பத்திரியில் வலி கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த ஊசியப் போடச் சொல்லுங்கப்பா. தாங்க முடியல."

"ஏட்டி, சும்மா கெட," என்று பிரேமலதா குறுக்கே வந்தாள். "நா ஒருத்தி பட்டது போதாதா? உங்கப்பாட்டயே கேளு. ஏங்க, என்ன சொல்லுதீங்க?"

இருவரும் அவர் வாயைப் பார்த்தார்கள். போடலாம் என்றால் இத்தனை வருஷப் பொய் சந்திக்கு வரும். வேண்டாம் என்றால் பெற்ற பிள்ளை துடிக்கும். காளீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா சொல்லுததும் யோசிக்க வேண்டியதுதாம்மா. தலைப்பிரசவம்னா வலி இருக்கத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."

"மதுரையில பேசுன வீடியோவ நீங்கதானப்பா எனக்கு அனுப்புனீங்க!"

"அது பொதுவாச் சொன்னது."

அடுத்த வலி வந்தது. மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலற, அப்பா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படித்தார்.

வலி விட்டதும் இசக்கிச்செல்வி நர்ஸைப் பார்த்தாள். "மயக்க டாக்டரக் கூப்பிடுங்க. கையெழுத்து நானே போடுதேன்."

வந்தது அஃப்ஷான். கயத்தாற்றுப் பெண், காளீஸ்வரனிடமே படித்தவள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "சார், நீங்களே போடுதீங்களா?"

பிரசவ அறையில் அவர் அந்த ஊசியைத் தொட்டு எத்தனை காலமோ ஆகிவிட்டது. "சொந்தப் பிள்ளைக்கு நாம செய்யக்கூடாதும்மா," என்று பெருந்தன்மையாக வெளியே நழுவினார்.

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு அரக்கப்பரக்க வந்தபோது அறையில் சத்தமே இல்லை.

"என்னட்டி, இன்னும் வலி வரலியா?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு சித்தி. எனக்குத்தான் தெரியல," என்று இசக்கிச்செல்வி சிரித்தாள். அலறலைக் கேட்கவென்றே ஆட்டோ பிடித்து வந்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெளியே வந்து, "அண்ணாச்சி, சொந்த மகளுக்கே ஊசி போட வச்சிட்டீங்களே!" என்றாள்.

"பின்னே? நாந்தான் போடச் சொன்னேன். நாமளே முன்ன நிக்கலேன்னா சனங்க எப்படி நம்பும்?"

பக்கத்தில் நின்ற பிரேமலதா, கையைத் துடைத்தபடி வந்த அஃப்ஷானை நிறுத்தினாள். "ஏம்மா, நெசமாச் சொல்லு. இதனால எம்பிள்ளைக்கு ஆயுசுக்கும் இடுப்புவலி வருமா?"

"வராதும்மா. குத்துன எடத்துல ரெண்டு நாள் லேசா வலிக்கலாம், அவ்வளவுதான்." பிறகு குருபக்தி பொங்க, "சார் மொத கிளாஸ்லயே சொல்லுவாவ. குடம் குடமாத் தண்ணி சுமந்து இடுப்ப ஒடைச்சிக்கிட்டு, பழிய ஊசிமேல போடுவாளுகன்னு. எங்க பேட்ச்சே சிரிச்சிரும்" என்றாள்.

பிரேமலதா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள்.

காளீஸ்வரன் போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, டீன் சார், சொல்லுங்க சார்" என்று படிக்கட்டுப் பக்கம் விரைந்தார். போன் அடிக்கவேயில்லை என்பது பேச்சித்தாய்க்குக்கூடத் தெரிந்தது.

உள்ளேயிருந்து மகள், "அம்மா, அப்பா எங்க?" என்றாள்.

"அவியளுக்கு இங்கன என்னட்டி சோலி? நா வாரேன்" என்று உள்ளே போய், பிரேமலதா கதவைச் சாத்திக்கொண்டாள்.