ஒத்திகை ஜூரி

பெல்வில் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு சாண்ட்விச்சைக் கையில் கொடுத்து, நீங்கள்தான் ஜூரி என்றார்கள். நிஜ ஜூரி இல்லை, ஒத்திகை. நிஜ வழக்கு மூன்று மாதம் கழித்து வருகிறது. அங்கே எதைச் சொன்னால் எடுபடும், எதைச் சொன்னால் சொதப்பும் என்று ஒரு மருந்துக் கம்பெனியின் வக்கீல்கள் முன்கூட்டியே உப்புப் பார்க்கிற இடம் இது. ஒரு சுவர் முழுக்க, அந்தப் பக்கம் தெரியாத கண்ணாடி. அதற்குப் பின்னால் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து இவர்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

வெர்னா கோர்னர் இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கடைசி இருக்கையில் நடக்கும் திருட்டுத்தனத்தைத் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடிப்பாள்.

வழக்கு இதுதான். கெய்லா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, முகப்பரு போகட்டும் என்று டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாவது மாதம் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. விடுதிக் குளியலறையிலேயே விழுந்து செத்துப்போனாள். ரத்தம் உறையும் ஆபத்து இந்த மாத்திரையில் கூடுதல், அதைத் தெரிந்தே அமுக்கினீர்கள் என்று தாய் ரோண்டா கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தாள். அவள் அழுதுகொண்டே சாட்சி சொன்ன வீடியோவையும் போட்டுக் காட்டினார்கள்.

கம்பெனி வாதம் இரண்டு. ஒன்று, ஆபத்தை டாக்டரிடம் சொன்னோம், மாத்திரைப் பெட்டிக்குள் சீட்டிலும் அச்சடித்தோம். இதற்குப் பன்னிரண்டு தலையும் ஆடியது. நியாயம்தானே என்று வெர்னாவின் தலையும் சேர்ந்தே ஆடியது. இரண்டாவது, ஒரு புகைப்படம். யாரோ ஒரு தோழி வீட்டு விருந்தில் கெய்லா சிகரெட்டோடு சிரிக்கிறாள். சிகரெட் பிடித்தால் ரத்தம் உறையும் ஆபத்து இன்னும் கூடுமாம், தன் சாவைத் தானே தேடிக்கொண்டவளாம். அதைக் காட்டியதும் ஒருவரும் சாண்ட்விச்சைத் தொடவில்லை.

இடைவேளையில் காப்பி எடுக்கப் போன வெர்னாவின் காதில், பாதி திறந்த கதவு வழியாக இரண்டு இளம் வக்கீல்களின் பேச்சு விழுந்தது.

"அந்தம்மா வீடியோவப் பாத்தியாடா? மூக்கச் சிந்துறதே அஞ்சு நிமிஷம்!"

"அழட்டும் விடு. போட்டோ மட்டும் எடுபட்டுச்சுன்னா கோர்ட்டுல ஆளுயரத்துக்கு மாட்டிரலாம். எடுபடலன்னா சீட்டு இருக்கவே இருக்கு."

கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு வேறு. லட்சம் லட்சமாகச் செலவழித்துப் படித்துவிட்டு வந்த ஜென்மங்கள்! வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோ அசிங்கம், சீட்டு நியாயம் என்று உள்ளதைச் சொன்னால் போட்டோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, சீட்டை வைத்தே ஜெயித்துவிடுவான்கள். ஆகவே உள்ளதைச் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

கலந்து பேசும் நேரம் வந்தது. முதலில் வாயைத் திறந்தவர் வெல்டிங் வேலை பார்க்கும் டுவெய்ன். "அந்தப் போட்டோவப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது..."

"கொமட்டாம என்ன செய்யும்ணே!" என்று வெர்னா பாய்ந்தாள். "கையில சிகரெட்டு, வாயெல்லாம் பல்லு! எனக்கு அதுலயே கேஸு முடிஞ்சுபோச்சு. சீட்டு கீட்டுன்னாங்களே, அப்ப நான் தூங்கிட்டேன்." மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி ஒரு மிதி.

டுவெய்ன் அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். "அட, அதத்தான் நானும் சொல்ல வந்தேன். போட்டோதான் சூப்பரு" என்றார்.

மிச்சப் பேரில் பாதிக்கு விஷயம் புரிந்தது. புரியாதவர்கள் சத்தம் பெரிதாக இருந்த பக்கம் சாய்ந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பேனாக்கள் பறந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து வெர்னா விடுப்புப் போட்டுவிட்டு நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நினைத்தது அப்படியே நடந்தது. கம்பெனியின் பெரிய வக்கீல் சீட்டை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, போட்டோவை எட்டடித் திரையில் ஏற்றி நாற்பது நிமிடம் முழங்கினான். ஜூரியில் ஒரு அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். மாட்டினாயா மடையா என்று வெர்னா உள்ளுக்குள் கும்மாளம் போட்டாள்.

அப்போதுதான் ரோண்டா எழுந்தாள். "இறக்குங்க அத. போதும், எம்பொண்ண இறக்குங்க."

நீதிபதி உட்காரச் சொன்னார். வக்கீல் இன்னும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். தாய் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரைக்கு எதிரே இவளும் உட்கார்ந்திருப்பாள் என்பது வெர்னாவுக்கு அன்று ஹோட்டலில் தோன்றவே இல்லை.

மறுநாள் தீர்ப்பு, கம்பெனி தோற்றது. தாழ்வாரத்தில் எல்லோரும் ரோண்டாவைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் யார் பிடியிலும் நிற்காமல் தன் வக்கீலிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஜெயிச்சது இருக்கட்டும் சார். அந்தப் படத்த மாட்டச் சொல்லி அவனுக்கு யோசனை குடுத்தது யாரு? அவங்களுக்கெல்லாம் புள்ளைங்களே இல்லையா?"

இரண்டடி தள்ளி நின்ற வெர்னா, மூன்று பெண்களைப் பெற்றவள், கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.