ஓனர் பெயரில் ஒரு நெஞ்சு

1

இந்தக் கதை துண்டறிக்கையாகப் பிறந்தது. சேலத்து மருத்துவமனை ஒன்றில், ஈசிஜி எடுக்க வருகிறவர்களுக்கு எட்டு வரியில் புத்தி சொல்லி எழுதித் தரச் சொன்னார்கள். நெஞ்சில் எண்ணெய், பவுடர் பூசி வராதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள். ஷாக் அடிக்காது என்று ஏழு வரி ஒழுங்காகத்தான் போனேன். எட்டாவது வரி: உங்கள் சொந்தப் பெயரையும் வயதையும் கொடுங்கள். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று சிரித்தேன். சிரித்ததற்குத் தண்டனை கீழே இருக்கிறது.

2

சங்ககிரிக் கோட்டையின் நெடிய நிழல் லாரிகளின் மீது சாயும் அந்திப் பொழுதில்

(வேண்டாம். கோட்டைக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

மரண பயம் என்பது மனிதனின் ஆதி

(இப்படி எழுதுகிறவனோடு நானே டீ குடிக்க மாட்டேன்.)

பிளக்ஸ் முதலில் ஏறிவிட்டது.

இது சரி. சங்ககிரி பஸ் ஸ்டாண்டில், பனிமலைக்கு முன்னால், பத்து வருடத்துக்கு முந்திய தலைமுடியோடு தீனதயாளன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பதினோரு லாரிக்கு ஓனர். ‘கயிலை ஏகும் ஆன்மிகச் செம்மலே!’ என்று அவர் செலவில் ஊர் அவரை வாழ்த்தியது. பாக்கி ஒன்றே ஒன்று. யாத்திரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஈசிஜி கேட்டார்கள்.

தீனதயாளனுக்கு வயது ஐம்பத்தெட்டு. சொந்த வீட்டு மாடிப்படியில் ஏழாவது படியில் நின்று செல்போன் பார்ப்பார். போனில் ஒன்றும் வந்திருக்காது. மூச்சுதான் வர வேண்டியிருக்கும்.

பிளக்ஸைக் கழற்றுவதைவிட நெஞ்சை மாற்றுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது.

3

இதை நம்ப முடியவில்லை என்பவர் லாரிப் பக்கம் போகாதவர். வண்டி ஓடத் தகுதி உண்டா என்று எஃப்.சி. காட்டும் நாளில், தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வண்டியின் நல்ல டயரை மாட்டிக் கொண்டுபோய் நிறுத்துவதும், பாஸானதும் திருப்பிக் கொடுத்துவிடுவதும் சில பட்டறைகளில் சகஜம். அதை யாரும் ஏமாற்று என்பதில்லை. ஒத்தாசை என்பார்கள்.

தீனதயாளன் ஒத்தாசை கேட்டார். டிரைவர் சின்னானுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்லில் அடித்த உடம்பு. தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, பள்ளிபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவனை அனுப்பினார். தன் பெயரையும் வயதையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஈசிஜி எடுக்கிற மலர்விழி, அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி, தேங்காயெண்ணெயைத் துடைத்து, நாலைந்து இடத்தில் முடியை மழித்தாள். ஒயர்களைப் பார்த்துச் சின்னானுக்கு வேர்த்தது.

“நாங்க கரண்டு உடறதில்லீங்க. உங்க நெஞ்சுல ஓடறதத்தான் இது எழுதிக்கும். பேசாம, அசையாம படுங்க” என்றாள். ஐம்பத்தெட்டு என்றால் நம்பவே முடியவில்லை என்றும் சொன்னாள். பிறகு, நெஞ்சில் வலி, இறுக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

ஒரு மாதமாக, லோடுக்கு மேல் தார்பாய் இழுத்துக் கட்டும்போது சின்னானுக்கு நெஞ்சை ஏதோ அழுத்துகிறது. இடது தோள்வரை போகிறது. ஆனால் இன்றைக்கு அந்த நெஞ்சு ஓனருடையது. ஓனருக்கு வலி என்று அவன் எப்படிச் சொல்வான்?

“இல்லீங்க” என்றான்.

(இந்த இடத்தை நான் சிரிப்பாகத்தான் எழுத ஆரம்பித்தேன்.)

டாக்டர் வந்து பார்க்கும்வரை இருக்கச் சொன்னார்கள். நாமக்கல்லில் முட்டை லோடு காத்திருந்தது. அவன் கிளம்பிவிட்டான்.

4

சாயங்காலம் தீனதயாளன் வீட்டில் இருபது பேர். மூன்றாவது பொன்னாடை தோளில் ஏறும்போது போன் அடித்தது. பேசியது டாக்டர்.

ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கிய இதயம்போல இந்த ஈசிஜி சீட்டில் தெரிகிறது என்றார் அவர். இதை வைத்து மட்டும் முடிவாகச் சொல்ல முடியாது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. தனியாக இருக்கக் கூடாது. இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

‘அது என் நெஞ்சில்லை.’

தீனதயாளனுக்கு முதலில் வந்தது இதுதான். கூடவே ஒரு சந்தோஷம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருக்கும், ஆனால் சந்தோஷம்தான். அடுத்த மூச்சில் அது என்ன சந்தோஷம் என்று தெரிந்தது. பொன்னாடைக்குள் உடம்பு கூசியது. ஜரிகை குத்துகிறதென்று அதைக் கழற்றினார்.

உஷாராணி, அவர் மனைவி, “ஏனுங்க, யாரு போன்ல?” என்றாள்.

“யாத்திரைக்காரங்க” என்றார்.

5

இந்தப் பகுதியில் சின்னான் இறந்தான். லாரி சாலையோரம் சாய்ந்திருந்தது, நாற்பதாயிரம் முட்டை உடைந்து மஞ்சளாக ஓடியது. அந்த மஞ்சளைப் பற்றி இரண்டு பத்தி எழுதி, திரும்பத் திரும்பப் படித்து ரசித்தேன். கதைக்கு நல்ல முடிவு கிடைத்த சந்தோஷம் எனக்கு. பிறகுதான், தீனதயாளனுக்கு வந்த அதே ஒரு மூச்சு என்று உறைத்தது. இரண்டு பத்தியையும் அடித்துவிட்டேன். அவரைக் கேலி செய்ய எனக்கு இனி யோக்கியதை இல்லை.

6

ஆகவே சின்னான் உயிரோடு இருக்கிறான். தீனதயாளன் கூப்பிட்டதும் எடுத்தான்.

“எங்கடா இருக்கே?”

“தொப்பூர் மேடு ஏறீட்டு இருக்கறனுங்க ஓனரே.”

“கூட யாரு?”

“ஆருமில்லீங்க. கிளீனருக்குக் காச்சல், உட்டுட்டு வந்துட்டனுங்க.”

கூடத்தில் பேச்சு நின்று, இருபது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“லோடு கேன்சல், ஓரங்கட்டு” என்று சொல்லலாம். சொன்னால் வண்டி நிற்கும், பிளக்ஸும் நிற்கும். சின்னான் கேபினில் தனியாகப் படுத்துத் தூங்குவான். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இருபது பேரும் கேட்பார்கள். மாடிக்குப் போய்த் தனியாகப் பேசலாம். பதினாறு படி.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் வாயைத் திறக்கும் இடத்தில் என் பேனா அவருக்காகக் காரணம் தேடிக்கொண்டு நிற்கிறது. எழுதுகிறவனும் ஒரு ஓனர்தானே. அதனால் போனை உங்கள் கையில் கொடுக்கிறேன். காதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் எஞ்சின் இரைகிறது. அதற்குமேல் அவன் குரல்:

“நம்ம சீட்டு என்னங்காச்சு, பாஸாயிருச்சுங்களா?”