ஆளுக்கு ஒரு டிஸ்க்

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கியபோது கலியாணசுந்தரம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அது கம்ப்யூட்டரின் ப்ளக். நேற்று மாலை அண்ணன் தேவேந்திரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்த பிறகு யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. முறையாக அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள் என்ற வார்த்தை அவன் வாய் வரைக்கும் வந்தது. ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசற்படியை மிதிக்காதவன், அண்ணன் செத்த வீட்டில் வந்து நின்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் காறித் துப்ப மாட்டார்களா? வாயை மூடிக்கொண்டான்.

ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் இதே அறையில் சேர்ந்துதான் பட்டுச்சேலைக்கு பார்டரும் முந்தானையும் டிசைன் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த சென்னைக்காரர் உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்திருந்தார். எதை வரைந்தாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். திரையின் கீழ் மூலையில் நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் தனியாக ஒரு மேசை விரியும். முதல் மேசை அண்ணனுக்கு, இரண்டாவது தம்பிக்கு. நாற்காலி மட்டும் ஒன்றே. எழுந்து இடம் கொடுத்து மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

அண்ணனிடம் சொல்லாமல் ஒரு டிசைனை வெளிக்கடைக்குக் கொடுத்தான் கலியாணசுந்தரம். சண்டை முற்றி, அப்பாதுரை மாமா நடுவில் உட்கார்ந்து பாகம் பிரித்தார். தறிக்கு டிசைன் அட்டை குத்தும் மெஷின் அண்ணனுக்கு, ஸ்கூட்டர் தம்பிக்கு என்று எல்லாம் சுமுகமாகப் போய், கம்ப்யூட்டரில் வந்து சிக்கிக்கொண்டது. இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது ஒன்றேதான் என்று தெரிந்ததும் மாமாவுக்கு ஏக சந்தோஷம். பாகம் பிரிப்பதற்கென்றே செய்த மெஷின் என்று சொல்லி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கலியாணசுந்தரம் ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்குக் குடிபோனான். இரண்டு டிஸ்க் எதற்காக வைத்தார்கள் என்பது அன்றைக்கு அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெங்களூரிலிருந்து அண்ணன் மகள் மஹாலட்சுமி வந்து சேரத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்குள் போஸ்டர் அடிக்கலாம், படம் வேண்டும் என்றார் மாமா. படம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. யாரோ தரையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸைப் போட்டு அதில் செருகி உயிர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில், அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி வள்ளி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கல்யாணம், உள்ள வந்து பாருப்பா. என்னமோ சத்தம் போடுது."

ஆறு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினான்.

பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். திரையில் சிவப்புக் குறியோடு ஒரு எச்சரிக்கை: டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது. அதற்கடியில் இன்னொன்று: ஜோடி டிஸ்க்கைக் காணவில்லை. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் இந்த இரண்டாவதை அண்ணன் மூடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். கலியாணசுந்தரம் இரண்டையும் மூடினான். படத்தைத் தேடியெடுத்து ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பினான். அப்புறம் பழக்கதோஷத்தில் கை இரண்டாவது கட்டத்தைத் தட்டிவிட்டது.

புதிதாக வாங்கிய ஜோரில் பின்னணியாக அவன் வைத்த ஸ்கூட்டர் படம் அப்படியே இருந்தது. கண்றாவியாக இருக்கிறது, சாமி படம் வை என்று அண்ணன் எத்தனையோ தடவை திட்டிய படம். முதல் மேசையில் காமாட்சியம்மன், கோபுரம், மகள் என்று எதையெதையோ மாற்றியவர் இதில் கைவைக்கவே இல்லை. காலையிலிருந்து கலியாணசுந்தரத்துக்கு வராத அழுகை, ஒரு ஸ்கூட்டரைப் பார்த்து வந்தது.

அவன் அழுதுமுடிக்கும் வரை வள்ளி காத்திருந்தாள்.

"மஹாவும் நானும் இத வெச்சித்தான்பா பொழைக்கணும். அவரு போட்டது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது. போயிடுமா?"

போய்விடும் என்று எப்படிச் சொல்வது? புது டிஸ்க் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போகவேண்டும். இது பொழுது சாயும்வரைகூடத் தாங்காது. இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில், சாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவி இந்திராணி, அவன் தன் கம்ப்யூட்டரைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றுவதைப் பார்த்தாள். அவனுடைய ஆறு வருஷம் அதில் இருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட முந்தானை பாதியில் நின்றது. பழையதில் கொஞ்சம் சிடியில் இருக்கும். மற்றதையும் எழுதி வைக்கவேண்டும் என்று மாதாமாதம் நினைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"அது நம்மளோடது ஆச்சே" என்றாள்.

"அண்ணனோடது போயிடும்."

இந்திராணி கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, டிஸ்க்கைச் சுற்றிக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டில் டிஸ்க்கைப் பெட்டிக்குள் மாட்டி ஸ்விட்சைப் போட்டபோது டக், டக் மட்டும் கேட்டது; திரை கறுப்பாகவே கிடந்தது. அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே கதை. தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு மறுபடி போட்டதும் திரை வந்தது. இரண்டு டிஸ்க்கையும் மறுபடி ஜோடி சேர்க்கச் சொன்னதும், இரண்டாவதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று கேட்டது. மாமா பாகம் பிரித்தபோதுகூட இப்படி முகத்துக்கு நேரே கேட்கவில்லை. சம்மதம் என்று தட்டினான்.

நீலக் கோடு ஒன்று தொடங்கி, ஒரு சதவீதம் என்றது.

"அதுல இருந்தது என்னா ஆவும்?" என்று வள்ளி கேட்டாள்.

"காலி டிஸ்க்குதான் அண்ணி. ஒண்ணும் இல்ல. முடியற வரைக்கும் கரண்டு மட்டும் போவக் கூடாது."

மஹாலட்சுமி வந்து, அழுது, மயங்கி, எழுந்தாள். பிள்ளை இல்லாத மனிதருக்குக் கொள்ளிச்சட்டி தூக்குவது யார் என்ற பேச்சு வந்தது. வாலாஜாபாத் பங்காளி ஒருவரிடம் மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அவரு தம்பி இருக்கும்போது வேற ஆள் எதுக்கு என்று வள்ளி உள்ளேயிருந்து சொன்னாள். கொள்ளிச்சட்டியைக் கலியாணசுந்தரமே தூக்கினான்.

கொள்ளி வைத்துத் திரும்பியபோதுதான் கலியாணசுந்தரத்துக்குத் திக்கென்றது. பிணம் எடுத்ததும் வீடு கழுவுவார்களே! அறைக்கு அறை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஜங்ஷன் பாக்ஸும் வயரும் தரையில் கிடந்தன. யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான். அண்ணனுக்குச் செய்த ஒரே காரியமும் ஒரு குடம் தண்ணீரில் போகப்போகிறது. குளத்தில் முங்கியவன் தலையைக்கூடத் துவட்டாமல் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். என்னப்பா அவசரம் என்று பின்னாலிருந்து மாமா கடிந்துகொண்டார்.

வாசல், கூடம், எல்லாம் கழுவி ஈரமாகக் கிடந்தது. அறை வாசலில் துடைப்பத்தோடு நின்ற பக்கத்து வீட்டு செல்லியம்மாள், புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படியா உட்காருவாள் என்று அவனிடமே முறையிட்டாள்.

உள்ளே, அண்ணனின் நாற்காலியில், கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டி மேசைமேல் ஏறியிருந்தது. ஜங்ஷன் பாக்ஸ் அவள் மடியில் இருந்தது. வயரையெல்லாம் சுருட்டி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நாற்காலியைச் சுற்றித் தண்ணீர் நின்றது. திரையில் நீலக் கோடு முக்கால்வாசிக்கு மேல் ஓடியிருந்தது.

"குடுங்கண்ணி, நான் புடிச்சிக்கிறேன்."

"ஈரத்தோட தொடாத."

அவன் நின்றான். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இந்திராணி எல்லாத்தையும் சொன்னா" என்றாள் வள்ளி. "காலி டிஸ்க்காமே."

அவன் குனிந்து வேட்டி நுனியைப் பிழிந்தான்.

"போய் வெளக்கப் பாத்துட்டு, வேட்டிய மாத்திக்கினு வா. இன்னும் கொஞ்சம்தான் இருக்குது."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடி, நழுவிய ஒரு வயரை மட்டும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.