காசிநாதன் ஒட்டிய படம்

அறுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில், மதராஸில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த காசிநாதன் படிப்பு முடியாமலேயே பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பி வந்துவிட்டான். ஏன் வந்தாய் என்று கேட்ட அக்கா கிருஷ்ணம்மாளிடம், "அங்க ஒரே சத்தம் யக்கா" என்று மட்டும் சொன்னான். சத்தத்துக்குப் பயந்தவன் தறிகள் ஓயாமல் அடிக்கும் தெருவுக்கா வருவான் என்று அவள் கணவன் குமாரவேல் வாய்விட்டுச் சிரித்தான். கிருஷ்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் காசி முதலில் எடுத்தது ஒரு படம். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த வழவழப்பான தாள். கூடத்தில் தான் படுக்கிற மூலையில் சோற்றுப் பருக்கையால் அதை ஒட்டினான். நார்வே தேசத்து ஓவியர் வரைந்ததாம், 'அலறல்' என்று பெயராம். நெருப்பையும் ரத்தத்தையும் கலந்து ஊற்றினாற்போல் வானம் நெளிந்தது. அதன் கீழே ஒரு பாலம். பாலத்தின் மேல் ஆணா பெண்ணா என்று தெரியாத ஓர் உருவம், இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு வாய் பிளந்து நின்றது. பின்னால் இரண்டு பேர் தங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாடா, இப்படிக் கத்துது இது?"

"அது கத்தல யக்கா. வானம் கத்துது, தண்ணி கத்துது. அது தாங்க முடியாம காதப் பொத்திக்கினு நிக்குது. பின்னாடி இருக்கறவங்களுக்கு எதுவும் கேக்கல, பாரு."

 அந்த முகம் கிருஷ்ணம்மாளுக்குப் புதிதல்ல. அம்மா தில்லையம்மாள் கடைசி மாதத்தில் கொல்லைப்புறத்தில் இப்படித்தான் நிற்பாள். கிருஷ்ணம்மாளுக்கு அப்போது பத்து வயது, காசி தொட்டில் குழந்தை. பிள்ளை பெற்ற உடம்பு, தானாகச் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அம்மா கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் சேந்தும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். காசிக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள்.

நாளாக ஆக அவன் சாப்பாடு குறைந்தது. பட்டுக் கழிவைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு படத்தின் எதிரே உட்கார்ந்திருப்பான். அடுப்புக்கரியால் அந்த முகத்தையே பலகையிலும் கதவிலும் வரைவான். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள், கர்ப்பிணிகள் நடமாடுகிற தெருவில் பேய்ப் படம் ஆகாது என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. அதைப் பார்க்கத் தெருவே ஆற்றங்கரையிலிருந்த ஓரிக்கைக்குக் கிளம்பிய அன்றுதான் குமாரவேல் பொறுமை இழந்தான். காசி குளிக்கப் போயிருந்தபோது படத்தைச் சுவரிலிருந்து கிழித்து அடுப்பில் போட்டுவிட்டான்.

"இன்னாங்க பண்ணிட்டீங்க?" என்று பதறினாள் கிருஷ்ணம்மாள்.

"அது போனாத்தான் அவனுக்குப் புத்தி வரும். வேணும்னா பாரேன்."

தலை துவட்டிக்கொண்டு வந்த காசி, வெறும் சுவரைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான்.  துண்டைக் கொடியில் ஒழுங்காகப் போட்டுவிட்டு வெளியே போனான். அந்த ஒழுங்குதான் கிருஷ்ணம்மாளைக் கலக்கியது. அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டுத் தேடக் கிளம்புவதற்குள் தெருவில் அவனைக் காணவில்லை. எங்கே போயிருப்பான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஓரிக்கைப் பக்கம் ஓடினாள்.

மழை விட்ட மேற்கு வானம் செக்கச்செவேலென்று கிடந்தது. கரையில் திருவிழாக் கூட்டம். சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில், இடுப்பளவு செம்மண் தண்ணீரில் காசி நின்றிருந்தான். கைகள் இரண்டும் காதில்.

கிருஷ்ணம்மாள் புடவையோடு இறங்கினாள். காலடியில் மணல் நழுவியது. அவனை எட்டிப் பிடிக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"காசி, இன்னா கேக்குதுப்பா? எனக்குச் சொல்லு."

"உனக்குக் கேக்கல இல்ல?"

"கேக்கல. உனக்குக் கேக்குதுன்னா கேக்குதுதான்."

"அந்தப் படத்தக் காட்டித்தான் யக்கா சொல்லிக்கினு இருந்தேன். இனிமே எதக் காட்டுவேன்?"

தண்ணீர் அவனைத் தள்ளியது. அவன் ஓரடி உள்ளே போனான். இருபது வருஷம் வாயில் அடைத்து வைத்திருந்தது அவளிடமிருந்து வெளியே வந்தது.

"அம்மாவுக்கும் கேட்டுச்சுடா."

அவன் திரும்பினான். "அம்மா வழுக்கி விழுந்தாங்கன்னு..."

"இல்ல. இதே மாதிரி காதப் பொத்திக்கினு நின்னாங்க. நான் பார்த்தேன். யாரும் இன்னான்னு கேக்கல, நானும் கேக்கல."

அவன் கைகள் மெல்ல இறங்கின. அப்போதுதான் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கரையேறும்வரை விடவில்லை.

மறுநாளே மதராஸுக்கு பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். மைத்துனனுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த குமாரவேல் முன்னாலேயே கிருஷ்ணம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலேயே தங்க வைக்கப்பட்ட காசி, மாசிக்குள் வீடு வந்து சேர்ந்தான். மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு ஊதியிருந்தது. சத்தம் போய்விட்டதா என்று குமாரவேல் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "கொஞ்சம் தூரமாப் போயிருக்குது மாமா" என்றான். சில நாள் அவனே வந்து, "இன்னிக்குக் கேக்குது யக்கா" என்பான். கிருஷ்ணம்மாள் தறியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவன் எதுவுமே சொல்லாத நாட்களில்தான் அவளுக்குத் தறியில் கால் ஓடாது.